கரண்ட் என்ற சொல்லும் ஒரு பச்சைக் குடமும்

எங்கள் தெருவில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் காதில் விழுகிற சொல் ‘கரண்ட்’. “உங்க வீட்ல கரண்ட் இருக்கா?” என்று மாடிக்கு மாடி, கேட்டுக்குக் கேட் கேள்வி போகும். மின்சாரம் என்று யாரும் கேட்பதில்லை. அது கட்டணச் சீட்டில் அச்சடிக்க மட்டும் வைத்திருக்கிற சொல். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் கரண்ட்தான், முப்பத்தேழு வருடம் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கும் கரண்ட்தான்.

வங்கியில் எண்ணிப் பழகிய விரல்கள் ஓய்வு பெறவில்லை. எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். ரூபாய் நோட்டு இல்லாததால் சொற்களை எண்ண ஆரம்பித்தேன். ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொண்டு, நான் வாழ்ந்த வாழ்க்கையில் அது எத்தனை பொருளில் என்னிடம் வந்திருக்கிறது என்று கூட்டிப் பார்ப்பேன். தூக்கம் வராத நேரத்துக்கு இது மாத்திரையைவிட நல்லது. கரண்ட் என்ற சொல் என்னிடம் ஏழு பொருளில் வந்திருக்கிறது. அதில் இரண்டு சந்தேகத்துக்கு உரியவை, ஆகவே ஐந்து என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, சுவரில் வருகிற கரண்ட். சிறுவயதில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொட்டு அதன் பொருளைத் தெரிந்துகொண்டேன். அகராதி தேவைப்படவில்லை.

இரண்டாவது, வேலை தேடிய காலத்துக் ‘கரண்ட் அஃபேர்ஸ்’. எந்த நாட்டுக்கு யார் அதிபர், எந்த ஊரில் எந்த மாநாடு என்று உருப்போட்டேன். தேர்வு எழுதிய மறுமாதமே பாதி அதிபர்கள் மாறிவிட்டார்கள். மூன்றாவது, வேலை கிடைத்தபின் வந்த ‘கரண்ட் அக்கவுண்ட்’. சேமிப்புக் கணக்கில் பணம் படுத்திருக்கும், அதற்கு வட்டி உண்டு. கரண்ட் கணக்கில் பணம் காலையில் வந்து மாலையில் போய்விடும், அதனால் வட்டி கிடையாது. தாம்பரம் மார்க்கெட்டின் வெங்காய வியாபாரிகளும் இரும்புக் கடைக்காரர்களும் இந்தக் கணக்குக்காரர்கள். என் கவுண்டரில் நிற்கக்கூட அவர்களுக்கு நேரம் இருக்காது.

நான்காவது, தாம்பரம் ஸ்டேஷனில் ‘கரண்ட் புக்கிங்’. ரயில் புறப்படச் சில மணி நேரம் இருக்கும்போது மிச்சமிருக்கிற இடங்களை விற்கிற கவுண்டர். என் மாமியார் இறந்த செய்தி வந்த அன்று நானும் மனைவியும் திருநெல்வேலிக்கு அந்தக் கவுண்டரில்தான் இடம் வாங்கினோம். வேறு வேறு பெட்டியில் இரண்டு இடம். ஐந்தாவது, கோவளத்துக் கடலில் ஒரு மீனவர் என் பேரனை முழங்கால் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்து, “கரண்ட் இழுக்குது, உள்ள போகாத” என்று சொன்னது.

அலமாரியின் மேல்தட்டில் இருக்கிற பெரிய அகராதியை இறக்கிப் பார்த்தபோது இந்த ஐந்தும் ஒரே தாய்வீட்டுப் பிள்ளைகள் என்று தெரிந்தது. லத்தீன் மொழியில் ‘ஓடு’ என்று பொருள்படும் ஒரு வினைச்சொல். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வரும்போது ‘ஓடிக்கொண்டிருக்கிற’ என்று ஆனது. முதலில் ஓடியது தண்ணீர். பிறகு நாள், வாரம், வருடம் எல்லாம் ஓடின. மின்சாரத்தைக் கண்டறிந்தவர்கள் அதையும் கம்பிக்குள் ஓடுகிற ஏதோ ஒரு திரவம் என்றே நினைத்தார்களாம். அதனால் ஆற்றுக்கு வைத்திருந்த பெயரையே அதற்கும் வைத்தார்கள்.

இதே வீட்டில் பிறந்த வேறு பிள்ளைகளும் உண்டு. நம்முடைய கூரியர் ஓடுகிறவன். கம்ப்யூட்டர் திரையில் கண்சிமிட்டுகிற கர்சரும் ஓடுகிறவனே. ஆஸ்பத்திரிக் காரிடார், ஓடுவதற்கான இடம். பிள்ளைகள் சேர்கிற கோர்ஸ், ஓடுகிற பாதை. கேக்கில் போடுகிற சின்ன உலர்ந்த திராட்சைக்கும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே உச்சரிப்பு. அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்து வைத்திருந்தேன். பார்த்தால் அது கிரேக்க நாட்டு ஊர் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது, உறவே இல்லை. அதைக் கணக்கிலிருந்து நீக்கினேன்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. ஆங்கிலத்தில் ஓடுகிற இந்தச் சொல் தமிழுக்கு வந்ததும் நடக்க ஆரம்பித்துவிட்டது. கரண்ட் அக்கவுண்ட் நமக்கு நடப்புக் கணக்கு. கரண்ட் அஃபேர்ஸ் நடப்பு நிகழ்வுகள். இந்த வருடம் நடப்பு ஆண்டு. நாம் அவசரப்படாதவர்கள் போலிருக்கிறது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் நாமும் ஓடத்தான் விட்டிருக்கிறோம், நீரோட்டம் என்கிறோம். பேரனுடைய இயற்பியல் புத்தகத்தில் மின்னோட்டம் என்று போட்டிருக்கிறது. ஆபத்தானவை ஓடுகின்றன, மற்றவை நடக்கின்றன என்று மனைவியிடம் சொன்னேன். “நீங்க ரெண்டும் இல்லாம ஒரே இடத்துல நின்னுக்கிட்டு எண்ணுறீங்க” என்றாள்.

அவள் அடுத்த அறையில் இருக்கிறாள். நான் இதை எழுதும்போது அவளுடைய ஆக்சிஜன் மெஷின் நாலைந்து வினாடிக்கு ஒருமுறை பெருமூச்சு விடுவது கேட்கிறது. போன கார்த்திகையில் ஒரு பகல் முழுதும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அந்தப் பகலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கிருமித் தொற்றில் அவளுடைய நுரையீரல் கெட்டியாகிவிட்டது. அறையில் உள்ள காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கிற மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு சின்ன அலமாரி அளவு. அதிலிருந்து ஒரு குழாய் மூக்குக்கு வரும். அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாம், ஆனால் எங்கள் பேட்டரி பழசு, இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்கும் பிறகு ஒரு சிலிண்டர். அன்றைக்கு அது பாதிதான் இருந்தது.

நாங்கள் இருப்பது இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே வருகிற ஒரு தெரு. இருபத்திரண்டு வீடுகள். மூன்று தனிக் கம்பிகளில் மின்சாரம் வருகிறது. ஒவ்வொரு கம்பிக்கும் ஃபேஸ் என்று பெயர். எல்லா வீட்டிலும் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கிறது. நம் ஃபேஸ் செத்துப்போனால் அதைத் திருகி உயிரோடு இருக்கிற அடுத்த ஃபேஸுக்கு மாறிக்கொள்ளலாம். எதிர் வீட்டில் விளக்கு எரிந்து நம் வீட்டில் எரியாவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் உடனே செய்கிற காரியம் இது. யாரும் யாரையும் கேட்பதில்லை. தெருவே எழுந்துபோய்த் திருகும். மூன்று கம்பி சுமந்த பாரம் இரண்டில் ஏறும், பிறகு ஒன்றில் ஏறும், பிறகு அதுவும் போய்விடும். அப்புறம் எல்லோரும் வாசலுக்கு வந்து, “கரண்ட் இருக்கா?” என்று கேட்டுக்கொள்வார்கள்.

அன்றைக்கு அப்படித்தான் நடந்தது. விடிய விடிய மழை. எட்டு மணிக்கு ஒரு ஃபேஸ் போனது, நானும் திருகினேன். ஒன்பதுக்கு இரண்டாவது போனது, மறுபடியும் திருகினேன். இருபத்திரண்டு வீடும் மூன்றாவது கம்பியில் தொங்கின. கொஞ்ச நேரத்தில் தெருமுனையில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மெஷின் நின்று, இன்வெர்ட்டருக்கு மாறி, மறுபடியும் மூச்சு விட ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்தேன்.

சிலிண்டர் கொடுக்கிறவருக்குப் போன் செய்தேன். அவர் அஸ்தினாபுரத்தில் இருக்கிறார். “ரோடெல்லாம் தண்ணி சார், வண்டி வெளியவே எடுக்க முடியல. நாளைக்குக் காலையில முதல் வேலையா உங்க வீடுதான்” என்றார்.

கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இன்வெர்ட்டரும் சிலிண்டரும் சேர்ந்து, அவளைப் பேசவிடாமல் படுக்கவைத்தால், சாயங்காலம் ஆறரை வரை. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி.

“ஆறரைக்கு மேல தாங்காது. இப்பவே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிடவா?”

“அந்த வார்டுக்கு நான் வரமாட்டேன்” என்றாள். போன தடவை அங்கே பக்கத்துக் கட்டிலில் இருந்த இரண்டு பேர் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். “இந்தத் தண்ணியில தூக்கிட்டுப் போனா நடுவழியிலேயே எனக்கு மூச்சு நின்னுடும். இங்கயே ஏதாவது பண்ணுங்க.”

பன்னிரண்டு மணிக்கு லைன்மேன் மஞ்சள் ரெயின்கோட்டோடு வந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “கேபிள்ல தண்ணி பூந்துகினு கீது சார். ரெண்டு ஃபேஸ் நாளைக்குத்தான். ஒண்ணு மட்டும் குடுக்குறேன். லைட்டு, ஃபேன் போடுங்க. மோட்டாரு, ஏசி, கீசர் எதையும் தொடாதீங்க” என்றார். புது ஃபியூஸ் போட்டார். தெரு முழுக்க ‘ஹே’ என்று ஒரு சத்தம். மெஷினைச் சுவர் பிளக்கில் மாட்டினேன்.

காப்பி ஆறுவதற்குள் போய்விட்டது.

காரணம் எனக்குத் தெரியும். எல்லா வீட்டிலும் மாடித் தொட்டி காலி. கரண்ட் மறுபடியும் போய்விடும் என்ற பயத்தில், வந்ததும் வராததுமாக எல்லோரும் மோட்டார் போட்டார்கள். எல்லோரும் ஒன்றாகப் போட்டதால் போனது. அவரவர் வீட்டில் அவரவர் செய்தது நியாயம். கூட்டிப் பார்த்தால்தான் தப்பு.

லைன்மேன் அடுத்த தெருவில் இருந்தார். தண்ணீரில் நடந்து போய்ப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார். “இன்னும் அஞ்சு தெரு பாக்கி கீது சார். நாலு மணிக்கு வந்து போட்டுத் தரேன். அதுக்குள்ள உங்க ஜனங்கள ஒழுங்கு பண்ணி வைங்க. இந்த வாட்டியும் பீஸு போச்சுன்னா என்கிட்ட வேற இல்ல. நாளைக்குத்தான்.”

வீட்டுக்கு வந்ததும் தெரு வாட்ஸாப் குழுவில் ஓர் அறிவிப்பு எழுதினேன். இலக்கணப் பிழை இல்லாமல், பத்துக் குறிப்புகள். மூன்று ஃபேஸ் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒருவர் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பினார். அப்போது மணி ஒன்றரை.

“யாரும் படிக்கல” என்றேன்.

“எதிர் வீட்டுல போய்ச் சொல்லுங்க. அவர் சொன்னா தெரு கேட்கும்” என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல்.

எதிர் வீட்டுக்காரர் இந்த ஊரின் பழைய குடும்பம். நாங்கள் குடியிருக்கிற தெரு ஒரு காலத்தில் அவருடைய அப்பாவின் நெல்வயல். இப்போது அவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் மணல், ஜல்லி, செங்கல் விற்கிற கடை இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் எட்டுப் போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்பு அவர் வாசல் சரிவை ஒன்றரை அடி உயர்த்திக் கட்டினார். மழைத்தண்ணீர் முழுதும் எங்கள் கேட்டுப் பக்கம் திரும்பியது. நான் டேப் வைத்து அளந்து முனிசிபல் ஆபீசில் மனுக் கொடுத்தேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. மற்றவர்களிடம் என்னைக் ‘கணக்கு சார்’ என்று சொல்வதாகக் கேள்வி.

“நான் போனா வாசல்லயே நிக்கவெச்சுக் கேலி பண்ணுவார்.”

“பண்ணட்டும். ரெண்டு வருஷமா ஜன்னல்ல நின்னு அவர் வீட்டு ஏசியை எண்ணுனீங்களே. இப்ப போய் அதை அணைக்கச் சொல்லுங்க.”

ஆறு ஏசி. போனேன்.

அவர் போர்ட்டிகோவில் பிளாஸ்டிக் நாற்காலியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தச் சரிவில் குடையும் கையுமாக ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னா சார், அதிசயமா கீது. பாத்து ஏறு. வழுக்கி வுழுந்தீன்னா அதுக்கும் மனு போடுவ.”

“ஒரு உதவி கேட்க வந்தேன்.”

“டேப்பு எடுத்துகினு வந்தியா?”

நான் ஃபேஸைப் பற்றி ஆரம்பித்தேன். லோடு என்றால் என்ன, ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று சொல்லிக்கொண்டு போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இதெல்லாம் எனுக்கு இன்னாத்துக்கு சார்? நேரா சொல்லு. உனுக்கு இன்னா வேணும்?”

“அவளுக்கு மெஷின் ஓடணும். ஆறரைக்கு மேல சிலிண்டர் தாங்காது.”

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அக்காவுக்கா? ஏன் சார், இத மொதல்ல சொல்லமாட்டியா?”

“வாட்ஸாப்ல போட்டிருந்தேனே.”

போனை எடுத்துக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “ஒண்ணாவது பாயிண்டு கேபிளு. ரெண்டாவது இன்னாவோ இங்கிலீஷு. அடங்கொப்பா, பத்தாவது பாயிண்டுல கீது அக்காவோட மெஷினு! எவன் சார் அதுவரிக்கும் படிப்பான்? வூடு பத்திகினு எரிஞ்சாகூட மொதல்ல முன்னுரை எழுதுவ போல கீது.”

உண்மைதான். முக்கியமானதைக் கடைசியில் வைப்பது வங்கிக் கடிதத்தின் வழக்கம். விவரங்களைச் சொல்லி, விதிகளைச் சொல்லி, கோரிக்கையைக் கடைசிப் பத்தியில் வைப்போம். மேலதிகாரி கடைசி வரை படிப்பார் என்று நம்பிக்கை. தெருவில் மேலதிகாரி யாரும் இல்லை.

“மோட்டார் போடாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்” என்றேன்.

“போடாதன்னு சொன்னா போடுவான் சார். தொட்டி காஞ்சி கெடக்குது. குளிக்கணும், கக்கூஸ் கழுவணும். புள்ளைங்க வூடு வேற. போடாதன்னு சொல்லக் கூடாது. உன் டர்ன் எப்பன்னு சொல்லணும். டர்ன் வரும்னு தெரிஞ்சா காத்துகினு இருப்பான்.” கொஞ்சம் யோசித்தார். “தண்ணி லாரி வந்துகினு இருந்திச்சே, ஞாபகம் கீதா? ராத்திரியே குடத்த வரிசையில வெச்சிட்டுப் போய்த் தூங்குவோம். காலையில எவனும் அடுத்தவன் குடத்தத் தாண்டி நிக்கமாட்டான். ஆள மெதிப்பான், குடத்த மெதிக்கமாட்டான்.”

உள்ளே போய் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். விளிம்பில் ஒரு விரிசல்.

“இந்தக் குடம் எவன் வூட்டு கேட்டாண்ட கீதோ, அவன் மட்டும் மோட்டாரு. முடிஞ்சதும் அடுத்த வூட்டுல வெச்சிடணும். எத்தினி நிமிஷம் குடுக்கலாம்? சொல்லு, உன் டிபார்ட்மெண்ட்டு இது.”

கணக்குப் போட்டேன். எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க முடியாது. கைக்குழந்தை இருக்கிற வீடு மூன்று, முதலில் அவை. சின்னத் தொட்டிக்குப் பத்து நிமிடம் போதும். அவர் வீட்டுத் தொட்டி பெரியது, எட்டுப் போர்ஷனுக்கும் சேர்த்து இருபத்தைந்து நிமிடம் ஆகும். அவர் கடைசியில் நின்றால் மற்ற எல்லோருக்கும் இருட்டி இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சொன்னேன்.

“என்னைக் கடைசியில போட்டுட்டியா?” என்று முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “ரெண்டு வருஷமா இதுக்குத்தான் காத்துகினு இருந்தியா சார்? சரி, போ.”

இரண்டு பேருமாகக் கிளம்பினோம். ஒவ்வொரு கேட்டிலும் அவர் கூப்பிடுவார், நான் வரிசை எண்ணைச் சொல்வேன். “எதிர் வூட்டு அக்காவுக்கு மூச்சு மெஷின் ஓடுது. லைட்டும் ஃபேனும் மட்டும். மோட்டாருக்குக் குடம் வரும். ஏசி எவனாவது போட்டான், நானே வந்து ஒயரப் புடுங்குவேன்.” இவ்வளவுதான் அவருடைய அறிவிப்பு. ஒரு வீட்டில்கூட மறுத்துப் பேசவில்லை. மூன்றாம் வீட்டுப் பெண், “மெஷின் இருக்குன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாதே அங்கிள்” என்றாள். இரண்டு வருடமாக அந்தச் சத்தம் எங்கள் ஜன்னலைத் தாண்டிப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

நாலு மணிக்கு, சொன்னபடி, லைன்மேன் வந்தார். ஃபியூஸைப் போட்டு, பெட்டிக் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். தெருவில் யாரும் ‘ஹே’ சொல்லவில்லை. மின்விசிறிகள் சுற்ற ஆரம்பித்த சத்தம் மட்டும் வந்தது. நான் சிலிண்டரை மூடி, மெஷினைச் சுவரில் மாட்டினேன். சிலிண்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது. மெஷின் ஒருமுறை விக்கி, பெருமூச்சு விட்டது.

பச்சைக் குடம் முதல் வீட்டு வாசலில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். குடம் நகர்ந்தது. ஒரு வீட்டில் மருமகள் எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைத்தாள். இன்னொரு வீட்டில் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருவர் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார், மழைக்கு. ஐந்தாவது வீட்டில் குடம் இருக்கும்போது பல்பு சட்டென்று மங்கியது. மெஷினின் சத்தம் இறங்கியது. என் கை சிலிண்டரின் திருகுக்குப் போனது. எதிர் மாடியிலிருந்து ஒரு குரல் இடி மாதிரி விழுந்தது.

“எவன் வூட்டுலடா இண்டக்‌ஷன் அடுப்பு? டீ குடிக்காட்டி செத்துடுவியா? அணைடா பேமானி!”

பல்பு மறுபடியும் தெளிந்தது. மனைவி குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டு, “அது அவரோட மச்சான் போர்ஷன்தான்” என்றாள். படுத்த இடத்திலேயே இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

ஆறரை மணி ஆனது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட கணக்கில் நாங்கள் ஆம்புலன்ஸுக்காக வாசலில் நிற்கவேண்டிய நேரம். அந்த நேரத்தில் அவள் முறுக்கு கேட்டாள். கொடுத்தேன். அவள் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஏழுக்குக் கொஞ்சம் முன்பு எங்கள் கேட் சத்தம் போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் குடத்தை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் முறை. நான் போடவில்லை. மோட்டார் ஒன்று கிளம்பும்போது, அந்த ஒரு நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மற்ற வீட்டு மோட்டார் ஒவ்வொன்றும் கிளம்பும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கையால் சுவிட்சைப் போட்டு, அந்த நொடியில் ஃபியூஸ் போனால்? குடத்தைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றேன்.

“கணக்கு சார்!” என்று எதிர் மாடியிலிருந்து சத்தம். “இன்னா சார், குடத்துக்குப் பொட்டு வெச்சிகினு கீறியா? போடு சார். உன் பின்னால நாலு வூடு கீது, நான் கீறேன்!”

“வேணாம். எங்க டர்னை நீங்க எடுத்துக்குங்க!”

“அதெல்லாம் முடியாது. நீ வுட்டுக் குடுத்தா அடுத்தவனும் பயப்புடுவான், அப்பால வரிசையே நாறிடும். போடு!”

உள்ளே வந்தேன். அவள் முறுக்குத் தட்டைக் கீழே வைத்தாள். “தொட்டியில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. காலையிலேர்ந்து நான் முகம் கழுவல. போடுங்க.”

“போச்சுன்னா?”

“பதினேழு வீட்டுக்குப் போகல. உங்களுக்கு மட்டும் எப்படிப் போகும்?”

அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ஒரு கையைச் சிலிண்டர் திருகில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டி மோட்டார் சுவிட்சைப் போட்டேன். பல்பு மங்கியது. மெஷின் இழுத்த மூச்சை விடாமல் நின்றது. பிறகு விட்டது. பல்பு தன் இடத்துக்கு வந்தது. மாடியில் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, முதலில் காலித் தொட்டியின் சத்தம், அப்புறம் தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலியால் நான் தரையில் உட்காராமல் ஆறு வருடம் ஆகியிருந்தது.

பத்து நிமிடம் கழித்துக் குடத்தை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டில் வைத்தேன். அதில் மழைத்தண்ணீர் கால்வாசி நிரம்பியிருந்தது. கவிழ்த்துவிட்டு வைத்தேன். எட்டு மணிக்கு அது எதிர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெரிய மோட்டார் உறுமிக் கிளம்பியபோதுகூட எங்கள் மெஷின் அசையவில்லை.

மறுநாள் மூன்று ஃபேஸும் வந்துவிட்டன. சிலிண்டர்காரரும் வந்தார். முனிசிபல் ஆபீசில் கொடுத்த மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. தண்ணீர் இன்னும் எங்கள் கேட்டுப் பக்கம்தான் வருகிறது. அவர் அதைப் பற்றி என்னிடமே கேலி பேசுகிறார், நானும் பதில் சொல்கிறேன். பேசுகிற அளவுக்கு வந்திருக்கிறோம்.

அகராதியை மறுபடியும் இறக்கிப் பார்த்தேன். கரண்ட் பிறந்த அதே வீட்டில் ‘கன்கர்’ என்று ஒரு பிள்ளை உண்டு. ஒத்துப்போவது என்று பொருள். பிரித்தால் ‘சேர்ந்து ஓடுவது’. வங்கிக் கோப்புகளில் நூற்றுக்கணக்கான முறை அந்தச் சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் தெரு அன்றைக்கு மதியம் சேர்ந்து ஓடியபோது ஃபியூஸ் போனது. ஒருவர் பின் ஒருவராக நடந்தபோது ஃபியூஸ் தாங்கியது. அதைத் தமிழில் நடப்பு என்றே எழுதிக்கொள்கிறேன். என் கணக்கில் அது ஆறாவது.

எதிர் வீட்டுக்காரர் குடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. “உன் வூட்டுலயே இருக்கட்டும் சார். எண்ணுறவன் வூட்டுல இருந்தாத்தான் சரி” என்று சொல்லிவிட்டார். மீட்டர் பெட்டிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறேன். போன வாரம் சாயங்காலம் லேசாகத் தூறி ஒரு ஃபேஸ் போனது. நான் திருகு சுவிட்சுக்குப் போவதற்குள் மூன்றாம் வீட்டுப் பெண் கேட்டில் நின்றாள்.

“அங்கிள், ஆன்ட்டி மெஷின் ஓடுதா?”

“ஓடுதும்மா, இன்வெர்ட்டர்ல.”

“அப்ப நீங்க மட்டும் ஃபேஸ் மாத்துங்க, நாங்க மாத்தல. குடத்தை எடுத்து வெளிய வைங்க.”

வைத்தேன்.